பட்டினத்தில் ஒரு கல் குறைகிறது

காரைக்காலிலிருந்து நாகூர் போகும் பஸ்ஸில் ஏறி, "திருமலைராயன்பட்டினம் ஒரு டிக்கட்" என்று முழுப் பெயரையும் சொல்லிப் பாருங்கள். கண்டக்டர் ஒரு கணம் விழிப்பார். பிறகு, "டி.ஆர். பட்டினமா?" என்று கேட்பார். ஐந்நூறு வருஷங்களுக்கு முன்னே இந்தச் சீமையை ஆண்ட ஒரு ராயனின் பெயர் இன்று இரண்டு இங்கிலீஷ் எழுத்துக்களாகச் சுருங்கிக் கிடக்கிறது. ஊர் ஜனங்கள் அந்த இரண்டு எழுத்தையும் சொல்வதில்லை. வெறுமனே "பட்டினம்" என்கிறார்கள். ராயன் போய்விட்டான், பட்டினம் இருக்கிறது!

காரைக்காலுக்குத் தெற்கே, கடலும் வயலும் கைகோத்து நிற்கும் இடத்தில் இருக்கிறது இந்த ஊர். ஒரு பக்கம் மீன்பிடிக்கும் பட்டினச்சேரி. மறுபக்கம் நெல் விளையும் கழனி. நடுவே கோயில்களும் கடைத்தெருவும். காரைக்கால் பிரதேசமே மொத்தம் 160 சதுர கிலோமீட்டர்தான். அதில் ஆறு கூறு: காரைக்கால் நகரம், கோட்டுச்சேரி, நெடுங்காடு, திருநள்ளாறு, நிரவி, பட்டினம். சைக்கிளில் புறப்பட்டால் ஒரு பகலில் சுற்றி வந்து விடலாம். இத்தனை சின்ன இடத்தைப் பற்றி ஒரு பத்திரிகையில் எழுத என்ன இருக்கிறது என்று தோழர்கள் கேட்கலாம். இருக்கிறது. சின்ன ஊரில்தான் பெரிய உண்மை கண்ணுக்குத் தெரியும்.

ஒரு ஊரின் அடையாளம் எது? சர்க்கார் சுற்றுலாத் துறையைக் கேட்டால் கோயிலைக் காட்டும், மாதா கோயிலைக் காட்டும், தர்காவைக் காட்டும், கவர்னர் காலத்துக் கட்டிடத்தைக் காட்டும். தப்பில்லை, அவையெல்லாம் இருக்கின்றன. நாற்று முடியைத் தலையில் வைத்துக்கொண்டு எதிரே வருகிற ஒரு பாட்டியிடம் வழி கேட்டுப் பாருங்கள். "அந்த மதகு தாண்டி, புளியமரம் தாண்டி, களத்துமேட்டுக்கு வடக்கே" என்பாள். அவள் சொல்லும் அடையாளம் எந்தப் பலகையிலும் இல்லை. அந்தப் பலகையில் ஏறாத அடையாளங்களைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

மண்மாரி பெய்த கதை

பெயரிலிருந்தே தொடங்குவோம். பதினைந்தாம் நூற்றாண்டில், விஜயநகரத்தாரின் கீழே இந்தப் பக்கத்தை ஆண்டவன் திருமலைராயன். ஊருக்கும் அவன் பெயர்; ஊரருகே கடலில் விழும் ஆற்றுக்கும் அவன் பெயர். அவனுடைய சபையில் அதிமதுரகவி என்பவரின் தலைமையில் அறுபத்துநான்கு தண்டிகைப் புலவர்கள் பல்லக்கில் பவனி வந்தார்கள் என்பது கர்ண பரம்பரைக் கதை. அங்கே வந்தார் காளமேகம். கோயில் மடைப்பள்ளியில் கரண்டி பிடித்த கை அவருடையது. பல்லக்குப் புலவர்களுக்கு மடைப்பள்ளிக்காரனைப் பொறுக்குமா? கொதிக்கும் எண்ணெய்க் கொப்பரைக்கு மேலே உறியில் உட்கார்த்தி, எமகண்டம் பாடச் சொன்னார்கள். பாடி ஜெயித்தார். அப்படியும் ராயன் மதிக்கவில்லை. கோபம் கொண்ட கவிஞர் ஊரின் மேல் வசை பாட, மண் மாரியாகப் பொழிந்து பட்டினம் மூடுண்டு போயிற்று என்கிறது கதை.

சிறு வயதில் இந்தக் கதையைக் கேட்டபோது கவிஞரின் பக்கம்தான் நமது நெஞ்சு நின்றது. மடைப்பள்ளியில் உழைத்தவன் பல்லக்குக்காரர்களை ஜெயித்த கதை அல்லவா! வயதான பிறகு ஒரு கேள்வி எழுகிறது. மதிக்காதவன் ராயன். எள்ளி நகையாடியவர்கள் தண்டிகைப் புலவர்கள். மண் விழுந்ததோ ஊர் முழுவதும்! ராயன் குதிரையேறிப் போயிருப்பான். புலவர்களுக்குப் பல்லக்கு இருந்தது. வீட்டு வாசலில் விழுந்த மண்ணைக் கூடையில் அள்ளிக் கொட்டியவன் யார்? தூர்ந்துபோன வாய்க்காலை மீண்டும் வெட்டியவன் யார்? கதை அதைச் சொல்லவில்லை. அந்த மண்வெட்டிக்காரனுக்குப் பெயர் இல்லை.

மண்மாரியைச் சாபம் என்று யாராவது நம்பினால் அவரோடு சண்டை வேண்டாம். கடலோரத்து ஊரில் புயலடித்தால் மணல் வரும். ஆறு பெருகினால் வண்டல் வரும். டெல்டாவில் பிறந்தவனுக்கு இதை யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. புயலுக்குக் காரணம் சொல்லப் புலவன் இருந்தான். புயலுக்குப் பிறகு ஊரை மீட்டெடுத்தவனைச் சொல்ல ஆள் இல்லை. நாம் கவனிக்க வேண்டியது அதைத்தான்.

எல்லாம் ஆயிரம்

பட்டினத்தின் இன்னொரு புகழ் ஆயிரங்காளியம்மன் கோயில். கடலில் ஒரு பேழை மிதந்து வந்ததாம். அதற்குள்ளே அம்மனும் ஒரு ஓலையும் இருந்தனவாம். எதைப் படைத்தாலும் ஆயிரம் ஆயிரமாகப் படைக்க வேண்டும் என்று அந்த ஓலையில் எழுதியிருந்ததாம். ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை பேழையைத் திறந்து அம்மனை வெளியே எழுந்தருளச் செய்கிறார்கள். சில நாள் திருவிழா. பிறகு மீண்டும் பேழைக்குள். பழம் ஆயிரம், பூ ஆயிரம், பலகாரம் ஆயிரம். அந்தச் சில நாட்களில் ஊரில் கால் வைக்க இடமிராது.

பக்தியைப் பழிப்பது நமது வேலையல்ல. நாம் எண்ணிக்கையைப் பற்றிப் பேசுவோம். ஆயிரம் தேங்காய் என்றால் யாரோ ஆயிரம் முறை மரத்தை அண்ணாந்து பார்த்திருக்கிறார்கள். ஆயிரம் முழம் பூ என்றால் எத்தனையோ பெண்களின் விரல் நாரில் தேய்ந்திருக்கிறது. ஆயிரம் பலகாரத்துக்கு மாவு இடித்தவள் யார்? விறகு சுமந்தவள் யார்? அந்த விழா ஒரு ஊரின் உழைப்பு முழுவதையும் வரிசையில் அடுக்கி வைக்கும் கண்காட்சி. கும்பிடுகிறவர்கள் அம்மனைக் கும்பிடட்டும். அந்த ஆயிரத்தையும் ஒரு கணம் உற்றுப் பார்க்கட்டும். அதில் தன் கை எது என்று ஒவ்வொரு உழைப்பாளிக்கும் அடையாளம் தெரியும்.

மாப்பிள்ளை வரும் கரை

மாசி மகத்தன்று பட்டினச்சேரிக் கடற்கரைக்கு வாருங்கள். திருக்கண்ணபுரத்திலிருந்து சௌரிராஜப் பெருமாள் புறப்பட்டு, மாநில எல்லையைத் தாண்டி, வயலும் ஆறும் கடந்து இந்தக் கரைக்குத் தீர்த்தவாரிக்கு வருகிறார். அவரை எதிர்கொண்டு அழைப்பவர்கள் மீனவர்கள். "சாமி" என்றா அழைக்கிறார்கள்? இல்லை, "மாப்பிள்ளை" என்று அழைக்கிறார்கள்! மீனவர் குலத்துப் பெண்ணைப் பெருமாள் மணந்தார் என்பது கதை. பெண் கொடுத்தவர்கள் என்ற உரிமையோடு அவர்கள் தோள் கொடுக்கிறார்கள்.

தீண்டாமையும் எட்டி நிற்பதும் தலைமுறை தலைமுறையாக ஆட்சி செய்த கீழத்தஞ்சைச் சீமையில், கடலில் உழைப்பவர்கள் கடவுளோடு சம்பந்தி உறவு கொண்டாடுகிறார்கள் என்றால் அது சாமான்ய விஷயமல்ல. வருஷத்தில் ஒரு நாள் கிடைக்கும் அந்த மரியாதையை மற்ற 364 நாளும் ஏன் கொடுக்கக் கூடாது என்பதே நமது கேள்வி. அதே கரையைத்தான் 2004 டிசம்பர் 26-ல் ஆழிப்பேரலை அடித்தது. காரைக்கால் பிரதேசத்தில் நூற்றுக்கணக்கான உயிர்கள் போயின, குப்பங்கள் தரைமட்டமாயின. மாப்பிள்ளை வீட்டார் என்று அன்று யார் வந்து நின்றார்கள்? பக்கத்து வயலில் வேலை செய்த கூலிக்காரர்களும், காரைக்கால், நாகூர் கடைத்தெருத் தொழிலாளிகளும், மதம் பாராமல் சோற்றுப் பானை தூக்கி வந்தவர்களும்தான். அந்தப் பானைக்கு ஜாதி இருக்கவில்லை.

எல்லைக்கல் செய்த வேலை

பட்டினத்துக்குத் தெற்கே வாஞ்சூர். அதைத் தாண்டினால் நாகூர். நடுவிலே ஒரு எல்லை. இன்று சோதனைச் சாவடி ஒன்று இருக்கிறது. ஒரு காலத்தில் அது இரண்டு சாம்ராஜ்யங்களின் எல்லை.

1738-39-ல் தஞ்சை மராட்டிய ராஜாவுக்குப் பணம் கொடுத்துக் காரைக்காலைப் பிரெஞ்சுக்காரர்கள் வாங்கினார்கள். பிறகு சுற்றுக் கிராமங்களும் அவர்கள் கைக்குப் போயின. ஊரை விற்றவன் ஊரில் குடியிருந்தவனைக் கேட்டானா? நிலத்தோடு சேர்த்து மனிதனையும் எழுதிக் கொடுத்தான். பிறகு ஐரோப்பாவில் சண்டை மூண்டபோதெல்லாம் இங்கே கொடி மாறிற்று. 1760-ல் இங்கிலீஷ்காரன் பிடித்தான், சமாதானமானதும் திருப்பிக் கொடுத்தான், மறுபடி பிடித்தான், மறுபடி கொடுத்தான். கடைசியாக 1817-ல் பிரெஞ்சுக்காரனிடம் வந்து சேர்ந்தது. பாரீசில் கையெழுத்து, பட்டினத்தில் கொடி! இத்தனை மாற்றத்திலும் நாற்று நட்டவன் நாற்று நட்டுக்கொண்டே இருந்தான்.

எல்லைக்கல் சும்மா நிற்கவில்லை. இந்தப் பக்கம் ஒரு நியாயம், அந்தப் பக்கம் ஒரு நியாயம் என்று கூறு போட்டது. 1936 ஜூலை 30-ந் தேதி புதுச்சேரியில் மில் தொழிலாளிகள் 12 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அந்த ரத்தத்துக்குப் பிறகுதான் 1937 ஏப்ரலில் பிரெஞ்சிந்தியாவில் எட்டு மணி நேர வேலைச் சட்டம் வந்தது. அதே வருஷத்தில் எல்லைக்கு அந்தப் பக்கம், பிரிட்டிஷ் ஆட்சியில், மில் தொழிலாளியை நாளைக்குப் பத்து மணி நேரம் வரை வேலை வாங்கச் சட்டம் இடம் கொடுத்தது. இரண்டு மணி நேர ஆயுளை அந்தக் கல் தின்றது!

விவசாயத் தொழிலாளிக்கோ கதை தலைகீழ். சவுக்கடிக்கும் சாணிப்பாலுக்கும் எதிரே தஞ்சைச் சீமைப் பண்ணையாட்கள் நடத்திய போராட்டத்தின் பலனாக 1952-ல் சென்னை சர்க்கார் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் கொண்டு வந்தது. அந்தச் சட்டத்தின் கை பிரெஞ்சு எல்லையைத் தாண்டி நீளவில்லை. ஒரே வாய்க்காலில் இரண்டு கரையிலும் ஒரே ஏர் உழுத இரண்டு பேருக்கு இரண்டு நீதி.

1954 அக்டோபர் 18-ல் கீழூரில் வாக்கெடுப்பு நடந்தது. 178 பிரதிநிதிகளில் 170 பேர் இந்தியாவோடு இணைய வேண்டும் என்றார்கள். 8 பேர் வேண்டாம் என்றார்கள். நவம்பர் 1-ந் தேதி நிர்வாகம் கைமாறியது. சட்டப்படி முழு இணைப்பு 1962 ஆகஸ்டு 16-ல் முடிந்தது. கொடி இறங்கிற்று. எல்லை மட்டும் யூனியன் பிரதேச எல்லையாக உருமாறி நிற்கிறது. அது இன்று செய்கிற வேலையைப் பிறகு சொல்கிறேன்.

கப்பல் போன கரை

இப்போது விஷயத்தின் நெஞ்சுக்கு வருகிறோம்.

1848-ல் பிரெஞ்சு சர்க்கார் தன் காலனிகளில் அடிமை முறையை ஒழித்தது. நீக்ரோ அடிமைகள் விடுதலை பெற்றார்கள். கரும்புத் தோட்ட முதலாளிகள் கையைப் பிசைந்தார்கள். கரும்பு வெட்ட ஆள் வேண்டுமே! கண் தஞ்சை டெல்டாவின் மேல் விழுந்தது. இங்கே பஞ்சம் இருந்தது, கடன் இருந்தது, ஜாதிக் கொடுமை இருந்தது. காரைக்காலில் பிரெஞ்சுக் கொடியும் துறைமுகமும் இருந்தன. மேஸ்திரிகள் கிராமம் கிராமமாகப் போனார்கள். "ஐந்து வருஷம், கை நிறையச் சம்பளம், திரும்பி வரக் கப்பல்" என்றார்கள். கைநாட்டு வாங்கினார்கள். எல்லையைத் தாண்டி ஜனங்கள் காரைக்காலுக்கு நடந்து வந்தார்கள். டிப்போவில் அடைபட்டுக் கப்பலுக்குக் காத்துக் கிடந்தார்கள்.

1853-ல் "ஒரேலி" என்ற கப்பல் மர்த்தினீக் தீவில் இந்தியக் கூலிகளை இறக்கிற்று. 1854 டிசம்பரில் அதே பெயர்க் கப்பல் குவாதலூப் தீவில் இறக்கிற்று. 1861-ல் இங்கிலாந்தும் பிரான்சும் உடன்படிக்கை செய்துகொண்டன. சண்டைக்கார ராஜ்யங்கள் இரண்டும் கூலி பிடிப்பதில் கைகுலுக்கிக் கொண்டன! 1880-களில் இந்த வியாபாரம் ஓய்வதற்குள் குவாதலூப்புக்கு மட்டும் 40,000-க்கு மேற்பட்டவர்கள் போய்ச் சேர்ந்தார்கள். மர்த்தினீக்குக்குச் சுமார் 25,000 பேர். ரெயூனியன் தீவுக்கு அதைவிட அதிகம். எல்லோரும் நம் கரையில் ஏறியவர்கள் அல்ல. புதுச்சேரியிலும், பிறகு கல்கத்தாவிலும் ஏறியவர்கள் உண்டு. ஆயினும் காரைக்கால் அந்த வியாபாரத்தின் பெரிய வாசல்களில் ஒன்று. மேற்கிந்தியத் தீவுகளுக்குப் பாய்க்கப்பலில் மாதக்கணக்கில் பயணம். வழியில் செத்தவர்கள் கடலுக்கு இரையானார்கள். தப்பிப் போனவர்களில் பெரும்பாலோர் ஊர் திரும்பவில்லை. பெயர் போய், பதிவேட்டில் ஒரு நம்பரானார்கள்.

அவர்கள் எதை எடுத்துப் போனார்கள் தெரியுமா? தங்கள் ஊரின் அடையாளங்களை எடுத்துப் போனார்கள். குவாதலூப்பில் இன்றும் மாரியம்மனை "மாலியெமென்" என்று கும்பிடுகிறார்கள். மர்த்தினீக்கில் மதுரைவீரன் இருக்கிறான். கப்பெஸ்தேர் என்ற ஊரில், ஷாங்கியில், கோயில் நிற்கிறது. எல்லாவற்றையும்விட நெஞ்சைத் தொடுவது ஒன்று உண்டு. அந்தத் தீவுகளில் "நாகூமிலா" என்ற பெயரில் ஒரு வழிபாடு நடக்கிறது. கொடிமரம் நட்டுக் கொடி ஏற்றுகிறார்கள். நாகூர் மீரான்தான் அது! இந்துக் குடும்பங்கள், பதினாயிரம் மைலுக்கப்பால், நாகூர் ஆண்டவரைக் கப்பலைக் காத்தவராக நினைத்துக் கொடியேற்றுகின்றன.

பட்டினத்துக்குத் தெற்கே நாகூரின் பெரிய மினார் நிற்கிறது. மராட்டிய மன்னர் பிரதாப்சிங் காலத்தில் எழுந்த மினார் அது. கரை மறையும்போது கப்பல் தட்டில் நின்றவன் கண்ணுக்குக் கடைசி வரை தெரிந்தது எதுவாக இருந்திருக்கும்? குடிசை தெரியாது; வயல் தெரியாது. உயர்ந்து நின்ற மினார் தெரிந்திருக்கும். அந்தக் கடைசிப் பார்வையை அவன் தலைமுறை தலைமுறையாகக் காப்பாற்றி விட்டான். தமிழை மறந்தான், நாகூரை மறக்கவில்லை.

அங்கே பிறந்தவர்களில் ஒருவர் ஆன்றி சிதம்பரம். கூலி வம்சத்தார் பிரெஞ்சுப் பிரஜைகள் அல்லர், அவர்களுக்கு ஓட்டு இல்லை என்று குவாதலூப் அதிகாரிகள் சொன்னபோது, 1904-ல் வழக்காடத் தொடங்கினார். பத்தொன்பது வருஷம் விடாமல் போராடி 1923-ல் ஜெயித்தார். கைநாட்டு வைத்துப் போனவர்களின் பிள்ளை சட்டப் புத்தகத்தைப் பிரித்து சர்க்காரைத் திணற அடித்தான்! இந்தப் பெயர் நமது பள்ளிப் பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தெரியும்?

அவர்கள் நம்மை நினைத்துக் கொடியேற்றுகிறார்கள். நாம் அவர்களை நினைத்து என்ன செய்தோம்? காரைக்காலில் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்து யுத்தத்தில் மடிந்த சொல்தாக்களுக்கு நினைவுச் சின்னம் இருக்கிறது; இருக்கட்டும், அவர்களும் நம் பிள்ளைகள். பட்டினச்சேரி மணலில் வடக்கேயும் தெற்கேயும் நடந்து பாருங்கள். கரும்புக்காகக் கடலேறியவனைச் சொல்லும் ஒரு கல்லைக் காண மாட்டீர்கள்.

கடைமடை

ஏன் போனார்கள் என்பதற்கு விடை இன்றும் வயலில் இருக்கிறது. காவேரி குடகில் பிறந்து, மேட்டூரில் தங்கி, கல்லணையில் பிரிந்து, எல்லோரும் குடித்து மீந்த பிறகு வந்து சேரும் இடம் காரைக்கால். அரசலாறு, நூலாறு, வாஞ்சியாறு, நாட்டாறு, திருமலைராஜன் ஆறு என்று பெயர்களுக்குக் குறைவில்லை, தண்ணீருக்குத்தான் குறை. 1934-ல் மேட்டூர் அணை எழுந்தது முதல் ஜூன் 12-ந் தேதி திறப்பு என்பது டெல்டாவின் பஞ்சாங்கமாயிற்று. அணை திறந்த செய்தி பத்திரிகையில் வரும். தண்ணீர் கடைமடைக்கு வந்த செய்தி வர நாளாகும். சில வருஷங்களில் வராமலே போகும்.

2007-ல் காவேரி நடுவர் மன்றம் புதுச்சேரிப் பிரதேசத்துக்கு, அதாவது காரைக்கால் வயல்களுக்கு, 7 டி.எம்.சி. என்று தீர்ப்பளித்தது. 2018 பிப்ரவரியில் சுப்ரீம் கோர்ட்டு மற்ற கணக்குகளை மாற்றியபோதும் அந்த ஏழை மாற்றவில்லை. ஏழு என்பது காகிதத்தில் ஏழு. வாய்க்கால் தூர்ந்து, மதகு பழுதாகி, தலைமாட்டில் உள்ளவன் அடைத்துக்கொண்டால், காகிதத்தைக் கரைத்தா நாற்றங்காலில் ஊற்ற முடியும்? தண்ணீர் வராத வருஷம் நிலமுள்ளவனுக்கு நஷ்டஈடு பேசப்படுகிறது. நடவு நடப் போகிறவளுக்கு? அவள் பெயர் எந்தப் பட்டாவிலும் இல்லை. அன்று மேஸ்திரி கூப்பிட்டால் கப்பலேறினார்கள். இன்று திருப்பூருக்கும் வளைகுடா நாட்டுக்கும் ஏஜெண்டு கூப்பிடுகிறான். கப்பலுக்குப் பதில் ரயிலும் விமானமும். கடைமடையில் தண்ணீர் நிற்காதபோது மனிதன் மட்டும் எப்படி நிற்பான்?

புது அடையாளங்கள்

பட்டினத்துக்குப் புதிய அடையாளங்களும் வந்திருக்கின்றன. போலகத்தில் எரிவாயுவில் மின்சாரம் எடுக்கும் நிலையம் 2000-ம் வருஷம் முதல் இயங்கி வந்திருக்கிறது, 32.5 மெகாவாட். அந்த வாயு நமது காலடி மண்ணிலிருந்து வருவது. வாஞ்சூரில் 2009-ல் தனியார் துறைமுகம் திறக்கப்பட்டது. கடனில் மூழ்கி, 2023-ல் அதானி கம்பெனி 1,485 கோடி ரூபாய்க்கு வாங்கிக்கொண்டது. 1739-ல் ஒரு கம்பெனி வாங்கிற்று. 2023-ல் இன்னொரு கம்பெனி வாங்கியிருக்கிறது. இந்தத் தடவையும் குடியிருப்பவனை யாரும் கேட்கவில்லை!

துறைமுகம் வேண்டாம் என்று எந்த உழைப்பாளியும் சொல்ல மாட்டான். கப்பல் வந்தால் வேலை வரும். அங்கே பெருமளவில் இறங்குவது நிலக்கரி. அதன் தூசு காற்றில் பறந்து வீட்டுச் சுவரிலும், காயப்போட்ட துணியிலும், குழந்தையின் மூச்சிலும் படிகிறது என்று வாஞ்சூர், நாகூர் ஜனங்கள் வருஷக்கணக்கில் முறையிட்டு வந்திருக்கிறார்கள், வழக்கும் தொடுத்திருக்கிறார்கள். காளமேகம் காலத்தில் மண்மாரி. நமது காலத்தில் கரிமாரி! அன்று மண் விழுந்தது சாபத்தால் என்றார்கள். இன்று கரி விழுவது எதனால் என்பதற்குக் கவிஞர் வேண்டாம். குவியலை மூடாமல் வைத்ததால், நீர் தெளிக்காததால், மூடி போட்டு வண்டி ஓட்டாததால். இதைச் சரி செய்யச் சபதமும் வேண்டாம். செலவு செய்தால் போதும்.

எல்லைக்கல்லின் இன்றைய வேலையைச் சொல்கிறேன் என்றேன் அல்லவா? நாகூர்ப் பக்கமிருந்து எல்லையைத் தாண்டியதும் வழிப்போக்கன் கண்ணில் முதலில் படுவது வரிசை வரிசையாக மதுக்கடை. இந்தப் பக்கம் வரி குறைவு, அந்தப் பக்கம் வரி அதிகம். பொழுது சாய்ந்தால் நாகப்பட்டினம், திருவாரூர் சீமையிலிருந்து தொழிலாளி நடந்தும் பஸ்ஸிலும் வருகிறான். ஒரு நாள் கூலி எல்லையைத் தாண்டி வருகிறது, திரும்பிப் போவதில்லை. அன்று ஒரு எல்லைக்கல் தொழிலாளியின் இரண்டு மணி நேரத்தைத் தின்றது. இன்று அதே எல்லை அவன் வீட்டு உலையைத் தின்கிறது. "பட்டினம் எங்கே இருக்கிறது?" என்று கேட்டால், "அந்தக் கடைகளைத் தாண்டி" என்று சொல்லும் நிலை வந்துவிட்டதே! ஐந்நூறு வருஷச் சரித்திரமுள்ள ஒரு ஊருக்கு இதுவா அடையாளம்?

ஒரு கல் நடுவோம்

தெற்கே கீழ்வெண்மணியைப் பாருங்கள். 1968 டிசம்பர் 25 இரவில் ஒரு குடிசைக்குள் 44 உயிர்களைத் தீக்கிரையாக்கினார்கள். பெண்களும் குழந்தைகளும்தான் அதிகம். மாண்டவர்கள் கூலி கேட்ட ஏழைகளின் குடும்பத்தார். அவர்கள் பெயர் மண்ணோடு போகும் என்று கொளுத்தியவர்கள் நினைத்தார்கள். போகவில்லை. அங்கே நினைவிடம் நிற்கிறது. வருஷா வருஷம் ஜனங்கள் போகிறார்கள். குழந்தைகள் பெயர்களைப் படிக்கிறார்கள். உழைப்பாளி தன் கல்லைத் தானே நட்டுக்கொண்டால் அது ஊரின் அடையாளமாகி விடும் என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம்.

பட்டினத்திலும் அதைச் செய்யலாம். பெரிய செலவில்லை. பட்டினச்சேரிக் கரையில் ஒரு கல். "இந்தச் சீமையிலிருந்து கடல் கடந்து போய், கரும்பு வெட்டி, திரும்பாதவர்களுக்கு" என்று தமிழில் இரண்டு வரி. கொம்யூன் பஞ்சாயத்து மனம் வைத்தால் ஒரு மாதத்து வேலை. போனவர்களின் பெயர்களும் அழிந்து போய்விடவில்லை. பிரான்சில் எக்ஸ் என்ற நகரத்துக் காலனி ஆவணக் காப்பகத்திலும், அந்தந்தத் தீவுகளிலும் பதிவேடுகள் இருக்கின்றன. பெயர், ஊர், வயது என்று குமாஸ்தாக்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். கணக்குப் பார்க்க எழுதியதை நாம் கண்ணீரோடு படிக்கலாம். படித்த நமது பிள்ளைகள் அந்த ஏடுகளைக் கேட்டு வாங்கட்டும். நிரவி, பட்டினம், கோட்டுச்சேரி, நெடுங்காடு என்று ஊர் ஊராகப் பிரித்து எழுதட்டும்.

கல் நட்டால் வயிறு நிறையுமா என்று கேட்கிறவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. கல்லோடு கூட மூன்று காரியம் சொல்கிறேன். கடைமடைக்கு வரவேண்டிய ஏழு டி.எம்.சி.யை மதகுக்கு மதகு கணக்கெடுத்துக் கேட்பது. நிலக்கரிக் குவியலுக்கு மூடி போடும்வரை விடாமல் கேட்பது. எல்லை மதுக்கடைகளுக்கு இரவில் ஒரு நேர எல்லையாவது வைக்கும்படி இரண்டு சர்க்கார்களையும் கேட்பது. இவையெல்லாம் வயிற்றுக் காரியங்கள். இவற்றைக் கேட்கிறவனுக்கு முதுகெலும்பு வேண்டும். தன் பாட்டன் யார், அவன் எதைத் தாங்கினான், எங்கே போனான் என்று தெரிந்தவனுக்குத்தான் முதுகு நிமிரும். தன் சரித்திரம் தெரியாதவனை எந்த மேஸ்திரியும் எளிதில் கப்பலேற்றி விடுவான்.

நாற்று முடி சுமந்து வந்த அந்தப் பாட்டி மதகைக் காட்டினாள், புளியமரத்தைக் காட்டினாள், களத்துமேட்டைக் காட்டினாள். அவளுடைய பேத்தி வழி சொல்லும் காலத்தில், "மதகு தாண்டி, புளியமரம் தாண்டி, நம்ம ஆளுங்களோட கல்லு தாண்டி" என்று சொல்லட்டும். பேழைக்குள் இருக்கும் அம்மன் ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை வெளியே வருகிறாள். நூற்றைம்பது வருஷத்துக்கு மேலாகப் பேழைக்குள் கிடக்கும் நம்மவர்களை ஒரு முறையாவது வெளியே எடுப்போம்.